சைட்காரில் பிறந்த வீட்டுக்கு

கயிறு நல்ல கயிறு. குதிரை மயிரில் திரித்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பிரிகூட விடவில்லை. எசெனுக்கு அதுதான் வருத்தம்.

அவன் குலிபாவைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, மலைக்கு அந்தப் பக்கம், அவள் ஊரே வாசலில் நின்றது. பெண்ணை அனுப்பும் பாட்டைப் பெண்கள் அழுதுகொண்டே பாடினார்கள். எசென் தன் மோட்டார் சைக்கிளின் தொட்டியில் மணப்பெண்ணை உட்காரவைத்தான். சோவியத் காலத்து வண்டி. பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரும் தொட்டியும் அதற்கென்று ஒரு சக்கரமும் உண்டு. ஊர் எல்லையில் ஆற்றைத் தாண்டி அக்கரை மேட்டில் ஏறியதும் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான்.

குலிபாவின் தம்பி துரத் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வழியனுப்பக் கழுதையில் பின்னாலேயே வந்திருந்தான். கழுதையின் கழுத்தில் கயிறும் இருந்தது. கழுதை முன்னால் இழுக்க, மாப்பிள்ளை பின்னால் தள்ள, புறப்பட்டுப் போன மணப்பெண் விருந்து டீ ஆறுவதற்குள் பிறந்த வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தாள். லாரி பிடித்து அவளை மறுபடி அனுப்பினார்கள். பெண்கள் மறுபடி பாட வேண்டியிருந்தது. இரண்டாம் முறை யாருக்கும் அழுகை வரவில்லை.

வண்டியும் அதே லாரியில்தான் வந்தது. புகுந்த வீட்டில் இறங்கும்போது குலிபா சொன்னாள்: "அது தன் காலால எங்க வீட்டு வாசலுக்குப் போற வரைக்கும் நான் அதுல உட்கார மாட்டேன்." புது மருமகள் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

எசென் அதைச் சீக்கிரமே சரிசெய்வதாக இருந்தான். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். வளர்ந்து தலைநகர் பிஷ்கேக் போனார்கள். வண்டி கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் நின்றது.

அக்காள் புருஷனை மச்சினன் கேலி செய்யாவிட்டால் அந்தப் பக்கத்தில் அது மரியாதைக் குறைவு. துரத் மரியாதை தெரிந்தவன். மாமனார் வீட்டில் எந்த விருந்தானாலும் எசென் மினிபஸ்ஸில் போய் இறங்குவான். கை கழுவ நீர் ஊற்றுவார்கள். துடைத்துக்கொள்ளத் துண்டுக்குப் பதில் அன்றைய கயிறு வரும். "எப்படி இருக்கீங்க அத்தான்? கழுதை ரொம்ப விசாரிச்சுது" என்பான் துரத். கூட்டம் சிரிக்கும். அந்தக் கழுதை செத்து, அதன் குட்டி கிழடாகியும், விசாரிப்பு நிற்கவில்லை. எசென் சிரித்துக்கொண்டே கயிற்றில் கை துடைப்பான். குலிபா சிரிக்க மாட்டாள்.

பனி உருகும் சமயத்தில் துரத் போன் செய்தான். அவனுடைய கடைக்குட்டி நடக்க ஆரம்பித்திருந்தது. கோடையில் விருந்து. பிள்ளையின் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூலைக் கட்டி, ஓட்டப் பந்தயம் வைத்து, முதலில் வருகிறவர் கையால் அறுக்கும் விருந்து. அறுத்துவிட்டால் பிள்ளை வாழ்நாளில் தடுக்கி விழாது.

"அத்தானையும் கூட்டிட்டு வா அக்கா. கயிறு ரெடியா இருக்கு."

குலிபா போனை வைத்தாள்.

"ஏங்க. இந்த விருந்துக்கு அந்த வண்டியிலதான் போறோம்."

"எந்த வண்டி?"

"உங்க வண்டி. இல்லைன்னா பழைய இரும்புக்காரன் வரும்போது நானே கொட்டகையைத் திறந்து விட்டுடறேன். அந்தக் கயிறை இனிமே ஒரு தடவை பார்க்க என்னால ஆகாது."

எசென் வைக்கோலை விலக்கினான். தொட்டிக்குள் புள்ளிக்கோழி அடை உட்கார்ந்திருந்தது. கை வைத்தான். கொத்தியது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்தான்.

காத்திருப்பது அவனுக்குக் கைவந்த தொழில். ஊர் வாய்க்காலின் மதகு அவன் பொறுப்பு. மதகைத் தூக்கிவிட்டுக் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்படுவதால் தண்ணீர் வேகமாக ஓடுவதில்லை.

கோழி குடும்பத்தோடு வெளியேறியபின் பார்த்தான். புகைக்குழாயில் எலி வளை. டயர்கள் தரையோடு தரை. பிஸ்டன்கள் இரண்டும் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அசைய மறுத்தன. பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஓட்டைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றினான். கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். அசையவில்லை. மதகுக்குப் போய்விட்டான். மறுநாளும் ஊற்றினான், ஆட்டினான், போய்விட்டான்.

பக்கத்து வீட்டுச் சாதிர் வேலி மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். உதவி செய்ய மாட்டான். யோசனை சொல்வான்.

"சுத்தியலால ஒண்ணு போடு."

"வேணாம்."

"மெதுவா ஒண்ணு."

"உன் பெண்டாட்டி ஒத்து வரலைன்னா சுத்தியலையா எடுப்பே?"

"அவகிட்டதான் சுத்தியல் இருக்கு" என்றான் சாதிர்.

ஆப்பிள் மரம் பூத்து உதிர்ந்த சமயம் ஒரு காலை சக்கரம் விரல் கனம் நகர்ந்தது. எசென் யாரிடமும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மதகுக்குப் போனான். அடுத்த வாரம் பிஸ்டன் மேலும் கீழும் போய்வந்தது.

பெட்ரோல் டேங்க் உள்ளே முழுக்கத் துரு. கூழாங்கல் போட்டுக் குலுக்க வேண்டும். நாள் முழுக்கக் குலுக்க வேண்டும். சாதிர் சொன்ன யோசனைகளிலேயே உருப்படியானது அன்றைக்கு வந்தது.

"என் குதிரை மேல கட்டு. சும்மா மேயத்தான் போவுது. நடக்க நடக்க அதுவே குலுங்கும்."

கூழாங்கல்லைப் போட்டு, மூடியை இறுக்கி, சாதிரின் பெண்குதிரை முதுகில் டேங்க்கைக் கட்டினார்கள். குதிரை ஓர் அடி வைத்தது. முதுகில் சலசலவென்றது. நின்றது. இன்னோர் அடி வைத்தது. அப்புறம் இருவரும் பார்த்தது புழுதியைத்தான். மாலையில் மூன்றாவது ஊரிலிருந்து அதைப் பிடித்து வந்தார்கள். டேங்க் உள்ளே வெள்ளிபோல இருந்தது. வெளியே வெந்த உருளைக்கிழங்குபோல இருந்தது. இரண்டு நாள் சாதிர் வீட்டில் குமிஸ் புளிக்கவைக்கக் குதிரைப்பால் இல்லை. குதிரை யாரையும் மடியருகே விடவில்லை.

கார்புரேட்டர்கள் இரண்டையும் பிரித்துக் குதிரைவால் முடியை விட்டுத் துளைகளைத் துழாவினான். ஒயர்களை மாற்றினான். ஒரு மத்தியானம் கிக்கரை உதைத்தான். உதைத்துக்கொண்டே இருந்தான். திடீரென்று வண்டி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

சாதிர் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினான். நல்ல செய்தியை முதலில் சொல்கிறவனுக்குப் பரிசு தர வேண்டும். இல்லையென்று சொல்ல முடியாது. "குலிபா, சேதிக்குப் பரிசு! வண்டி பிழைச்சிருச்சு" என்று வீட்டு வாசலில் போய் மூச்சு வாங்கினான். குலிபா உள்ளே போய்ப் புதிதாகப் பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி எடுத்துவந்து கொடுத்தாள். அவன் அதை வாங்கும்போது சத்தம் நின்றது.

குலிபா கையை நீட்டினாள். "திருப்பிக் கொடு."

"சேதி சொன்னப்ப ஓடிட்டுதானே இருந்துது" என்றான் சாதிர். வாசலிலேயே உட்கார்ந்து காலுறையைப் போட்டுக்கொண்டான்.

எசென்தான் அணைத்திருந்தான்; மறுபடி உதைத்தபோது எடுக்கவில்லை. அன்று கண்டுபிடித்ததுதான் வண்டியின் கடைசி வியாதி. ஓடும். நன்றாக ஓடும். ஆனால் சூடு ஏறியபின் ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி எடுக்காது. பிளக்குக்குப் பொறி தருகிற கம்பிச்சுருள், அந்தக் காயில், பழசு. சூட்டில் பொறி செத்துவிடுகிறது. பிஷ்கேக்கிலிருந்து மகன் சந்தையில் தேடி வேறொரு காயில் அனுப்பினான். அது சூடாவதற்கு முன்பே செத்தது. பழையதையே திரும்ப மாட்டினான்.

"ஆற எவ்வளவு நேரம் ஆவுது?" என்று சாதிர் கேட்டான்.

"ஆட்டுக்கறி வேகற நேரம்."

"அப்ப குலிபாகிட்ட சொல்லிரு."

"சொன்னா வரமாட்டா. எடுத்தா அணைக்கக் கூடாது. அவ்வளவுதான். அணைக்காமலே அந்த வாசல் வரைக்கும் போயிருவேன்."

"நடுவுல மேய்ச்சல் மேடு இருக்கு. கோடை. வழி நெடுக மேய்க்கறவன் கூடாரம். ரொட்டி நீட்டுவான். குமிஸ் நீட்டுவான். தொடாமப் போவியா?"

நீட்டிய ரொட்டியைத் தொடாமல் போகிறவனுக்கு அங்கே பெண் கொடுக்க மாட்டார்கள். கொடுத்திருந்தால் வருத்தப்படுவார்கள்.

எசென் யோசித்தான். "குதிரையில போறவன் இறங்காமலே கிண்ணத்தை வாங்கிக் குடிக்கறதில்லையா? அது மாதிரி."

அடுத்த நாட்களில் அதுதான் பயிற்சி. சாதிர் தெருவில் கிண்ணத்தை ஏந்தி நிற்பான். எசென் வண்டியைத் தவழவிட்டு வந்து, ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டு, சுற்றி வந்து காலிக் கிண்ணத்தைத் தருவான். முதலில் சட்டை குடித்தது. பிறகு மீசை குடித்தது. கடைசியில் அவனே குடித்தான். சாதிர் வீட்டுக் குமிஸ் மறுபடி தீர்ந்தது.

விருந்துக்கு முந்தின நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். குலிபா புது வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி, தொட்டியருகே வந்து, கொஞ்சம் நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். புள்ளிக்கோழி வேலியிலிருந்து அவளை முறைத்தது.

வண்டி ஓடியது. ஆறேழு ஊர் தாண்டியது. தொட்டியின் ஓரத்தைப் பிடித்திருந்த குலிபாவின் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

மேய்ச்சல் மேட்டின் அடிவாரத்தில் ஒரு பெண் ரொட்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். குலிபாவோடு படித்தவள். எசென் அவளைச் சுற்றி வட்டமடித்தான். குலிபா எட்டி ஒரு துண்டு பிய்த்தாள். இன்னொரு வட்டத்தில் நலம் விசாரித்தாள். மூன்றாவது வட்டத்தில் பதில் வந்தது.

"ஏன் நிறுத்தலை?" என்றாள் குலிபா.

"வேகத்துல இருந்தேன்."

"கழுதை இதைவிட வேகமாப் போச்சு."

கணவாய்க்குக் கீழே சகினின் கூடாரம். சகின், குலிபாவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெரிய உடம்பு. பெரிய கம்பளித் தொப்பி. சாலை நடுவில் கையை விரித்து நின்றார். கிண்ணம் எதுவும் இல்லை. எசென் இதற்குப் பயிற்சி எடுத்திருக்கவில்லை. வண்டியை ஓடவிட்டபடியே நிறுத்தினான்.

"வாங்க மாப்பிள்ளை. வா மகளே. உடம்பு சுகமா? ஆடுமாடு சுகமா?" என்று இரண்டு கையாலும் எசெனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சுகம் மாமா. அவசரமா..."

விருந்தாளி தன் குதிரையைத் தானே கட்டக் கூடாது. வீட்டுக்காரர்தான் கடிவாளத்தை வாங்க வேண்டும். சகின் வண்டியைப் பார்த்தார். கடிவாளம் இல்லை. முன்விளக்கின் தலையில் ஆணிபோலச் செருகியிருந்த சாவி இருந்தது. மரியாதையாக அதை உருவினார். எஞ்சின் அடங்கியது. சாவியைத் தொப்பிக்குள் போட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"கறி வேகாம யாரும் போகலை" என்றார். பின்னால் ஆடு கத்தியது.

கூடாரத்துக்குள் எசெனுக்கு விருந்தாளிக்குரிய மேலிடம் கொடுத்தார்கள். மேலிடத்திலிருந்து வாசல் நேராகத் தெரிந்தது. வாசல் வழியாக வண்டி தெரிந்தது. அவன் டீயைப் பார்க்கவில்லை. வெண்ணெயைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்தான். மனக்கண்ணில் மாமனார் வீட்டு வாசல் தெரிந்தது. கயிறு தெரிந்தது. கழுதையும் தெரிந்தது. இந்த முறை கணவாய்க்கு மேலே ஏற வேண்டும். ஒரு கழுதை போதாது.

குலிபா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த வட்டமெல்லாம் எதுக்குன்னு இப்பப் புரியுது. அணைச்சா எடுக்காதா?"

எசென் ரொட்டியைப் பிய்த்தான். "எடுக்கும். சூடா இருந்தா எடுக்காது. ஆறினா எடுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"கறி வேகற நேரம்."

"சாதிருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"குதிரைக்கு?"

எசென் பிய்த்த ரொட்டியை வாயில் போட்டான். குலிபா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தான். மினிபஸ் அந்த வழியாக மத்தியானம் ஒன்று போகும். அவள் கிண்ணத்தை மறுபடி எடுத்துச் சகின் பக்கம் நீட்டினாள்.

"சித்தப்பா, டீ நல்லா இருக்கு. இன்னொண்ணு ஊத்துங்க. அப்பாவும் நீங்களும் ஓநாய் பிடிச்ச கதையை இவருக்குச் சொன்னதில்லையே?"

சகினின் முகம் மலர்ந்தது. ஓநாய்க் கதை நீளமானது. ஓநாய் வருவதற்கே இரண்டு கிண்ணம் ஆகும். கதை முடிந்தபோது கறி வெந்திருந்தது. கறி தீர்ந்தபோது குலிபா குழம்பு கேட்டாள். குழம்பு குடித்தபோது ஓநாயின் தோல் என்ன ஆயிற்று என்று கேட்டாள். எசென் அவளைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே மெதுவாக மென்றாள்.

கடைசியில் கை ஏந்தி, வாழ்த்து வாங்கி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். சகின் தொப்பியிலிருந்து சாவியை எடுத்துத் தன் கையாலேயே செருகினார். எசென் கிக்கரை உதைத்தான். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. சகின் வியப்படையவில்லை. எடுப்பதற்குத்தானே வண்டி.

கணவாயில் ஏறும்போது குலிபா கத்திச் சொன்னாள்: "இனிமே யார் கூப்பிட்டாலும் நிறுத்துங்க. உள்ள போயி உட்காருவோம். ஆறட்டும்."

கூப்பிட்டார்கள். கணவாயைத் தாண்டியதும் ஒரு கூடாரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இன்னொன்று. கூப்பிடாத ஓர் இடத்தில் புகையைப் பார்த்துக் குலிபாவே நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஆடு, டீ, கதை, வாழ்த்து. ஒவ்வொரு முறையும் வண்டி எடுத்தது. எசென் பெல்ட்டில் இரண்டு துளை தளர்த்தினான். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்குத்தான் மூச்சு முட்டியது. ஒரு கூடாரத்தில் படுத்து எழுந்து, மறுநாள் காலையில் ஆற்றைத் தாண்டினார்கள். தாண்டிய இடம் அதே இடம். வண்டி நிற்கவில்லை.

துரத்தின் வாசலில் கூட்டம் இருந்தது. துரத் முன்னால் நின்றான். இப்போது தொப்பை வைத்திருந்தான். ஒரு கையில் கயிறு. மறு கையில் கழுதை. கழுதையின் காதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

எசென் நேராக வந்து, வாசலில் நிறுத்தி, தானே சாவியை உருவினான். அந்த ஒரு செய்கைக்காக அவன் வசந்தம் முழுக்க உழைத்திருந்தான். உருவிய பிறகுதான் உறைத்தது.

துரத் வண்டியைச் சுற்றி வந்தான். தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"வழியில எத்தனை இடத்துல நின்னுச்சு அக்கா?"

"வண்டி நிக்கலை. எங்களைத்தான் நிறுத்தினாங்க" என்றாள் குலிபா.

"அப்படியா." துரத் எசென் பக்கம் திரும்பினான். "எங்க, அத்தான், இப்ப எடுங்க பார்ப்போம். கழுதையும் பார்க்கணும்ங்குது."

கூட்டம் நெருங்கியது. சிலிண்டரிலிருந்து சூடு அலையலையாக ஏறியது. எசென் காலைத் தூக்கிக் கிக்கர் மேல் வைத்தான். உதைக்கவில்லை.

குலிபா தொட்டியிலிருந்து இறங்கினாள். தலைத்துணியைச் சரிசெய்தாள்.

"ஏண்டா துரத். பிறந்த வீட்டு வாசலுக்கு வந்தவ இன்னும் ரொட்டியைத் தொடலை. அதுக்குள்ள வண்டியை எடுங்கறியா? போங்கன்னு சொல்றியா?"

கிழவிகள் உச்சுக்கொட்டினார்கள். துரத்தின் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ துரத்தின் முதுகில் ஒன்று வைத்தார்கள். "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று அவன் கழுதையையும் சேர்த்து அழைத்தான்.

கை கழுவ நீர் ஊற்றினார்கள். கயிறு வந்தது. எசென் துடைத்துக்கொண்டான். பிறகு கறி வந்தது. இரண்டு நாளில் எத்தனையாவது ஆடு என்று அவனுக்கு நினைவில்லை. மாப்பிள்ளைக்கு உரிய எலும்பைப் பெரிதாகப் பார்த்து வைத்தார்கள். சாப்பிட்டான். எதிரே குலிபா, கண்ணில் நீர் வரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்தியபோதெல்லாம் அவள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை அவன் தட்டுக்குத் தள்ளினாள். "இன்னும் ஆறலை" என்றாள். பக்கத்திலிருந்தவர், கறியைச் சொல்கிறாள் என்று நினைத்து ஊதிக் கொடுத்தார்.

பிள்ளையின் கால்நூலை அறுக்கும் பந்தயம் முடிந்தது. பிள்ளை நடந்தது. எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். எசென் போய் சிலிண்டரைத் தொட்டான். கை வைக்க முடிந்தது.

சாவியைச் செருகினான். ஒரே உதை.

சத்தத்துக்குக் கழுதை கயிறில்லாமலே வேலியைத் தாண்டிப் போயிற்று. துரத் கழுதை போன திசையைப் பார்த்தான். சொல்வதற்கு இருபது வருஷமாக அவன் வைத்திருந்தது அந்த ஒரு கேலிதான்.

குலிபா உள்ளே போய்க் கயிற்றைக் கொண்டுவந்தாள். முன்சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் கம்பிக்குமாக எட்டுப்போலச் சுற்றி முடிச்சுப் போட்டாள், பிள்ளையின் கால்களில் கட்டுகிற மாதிரியே. கால்நூலை அறுத்த கத்தியைச் சக்கரத்தின் மேல் வைத்தாள்.

"ஓடு" என்றாள் துரத்திடம்.

"எங்க?"

"அந்த மரத்தைத் தொட்டுட்டு வா. நீதானே கட்டினே. நீயே ஓடி வந்து அறு."

"அக்கா, எனக்குத் தொப்பை..."

"கழுதை எவ்வளவு வேகமாப் போச்சு பார்த்தேல்ல?"

கூட்டம் கைதட்டியது. துரத் ஓடினான். அன்றைக்குத்தான் கால்நூல் அறுபட்ட அவன் பிள்ளை பின்னாலேயே தத்தி ஓடியது. துரத் மரத்தைத் தொட்டுவிட்டு வந்து மூச்சிரைக்க மண்டியிட்டுக் கத்தியை எடுத்தான்.

அறுத்தான். பிரி விடவில்லை. இழுத்து இழுத்து அறுத்தான். நல்ல கயிறு. நேரமெடுத்தது. குலிபா தொட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எசென் காத்திருந்தான். எஞ்சினை அணைக்கவில்லை.